ஸ்கிரிப்டை யார் படிக்கிறார்?

"அக்கா, என் மேக்ல ஓடுது. சர்வர்லயும் ராத்திரி ஓடிட்டுதான் இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை ஃபுல் பேக்கப் மட்டும் காணோம்."

பெருங்குடியில் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு திங்கட்கிழமை காலையில் என் மேசைக்கு வந்து சொன்னது இது. அவன் எழுதிய ஸ்கிரிப்ட் இருபது வரிகூட இருக்காது. ஞாயிறு என்றால் எல்லா ஃபைல்களையும் முழுசாகப் படியெடுக்க வேண்டும். மற்ற நாட்களில் அன்றைக்கு மாறியதை மட்டும். மூன்று ஞாயிறு போய்விட்டது, முழுப் படி ஒன்றுகூட இல்லை. அக்கம்பக்கத்து இருக்கைகளிலிருந்து ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "லினக்ஸ்னா அப்படித்தான்." "டெர்மினல் பிரச்சினையா இருக்கும்." "சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு."

மூன்றும் காரணமே இல்லை. ஆனால் இந்த மாதிரிப் பேச்சைத்தான் எல்லா அலுவலகத்திலும் கேட்கிறோம், கல்லூரி லேபிலும் கேட்கிறோம். ஸ்கிரிப்ட் என்றால் எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். நடக்காதபோது மெஷின் மேல் பழி போடுகிறோம். உண்மையில் ஸ்கிரிப்ட் ஒரு துண்டுச்சீட்டு மாதிரி. அதைப் படிப்பவர் யார், எந்த இடத்தில் உட்கார்ந்து படிக்கிறார் என்பதைப் பொறுத்து அதன் பொருளே மாறும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதி ராத்திரி விழிப்புகள் மிச்சமாகும்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கீபோர்டில் தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

சன்னலும் உள்ளே இருப்பவரும்

சென்ட்ரல் ஸ்டேஷனில் டிக்கெட் முன்பதிவு செய்யப் போகிறோம். ஃபாரத்தை நிரப்பி, சன்னல் வழியாக உள்ளே நீட்டுகிறோம். சன்னல் எதையும் படிப்பதில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர் படித்து, வேலையை முடித்து, டிக்கெட்டையோ "ஒரு கட்டம் விட்டுட்டீங்க" என்ற பதிலையோ அதே சன்னல் வழியாக நமக்குத் தருகிறார். சன்னலுக்கு வேறு பெயிண்ட் அடித்தாலும் உள்ளே இருப்பவர் மாறிவிடப் போவதில்லை.

டெர்மினல்தான் அந்தச் சன்னல். நாம் தட்டுவதை உள்ளே கொடுத்து, வரும் பதிலைத் திரையில் காட்டும் புரோகிராம். உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஷெல். கட்டளையைப் படித்து, புரிந்துகொண்டு, அதற்குரிய வேலையை நடத்தி வைக்கும் புரோகிராம். ஸ்கிரிப்ட் என்பது கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்த சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்.

டெர்மினலை மாற்றிப் பார்த்துவிட்டு "அப்பவும் சரியாகலை" என்று வருபவர்கள் பலர். கறுப்புத் திரைக்குப் பதிலாக நீலத் திரை வந்திருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் அதே ஆள்தான்.

ஒரே பெயர்ப்பலகை, வேறு வேறு ஆட்கள்

ஷெல் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. லினக்ஸுக்கும் மேக்குக்கும் முன்னோடியான யூனிக்ஸ் சிஸ்டத்துக்கு 1971-ல் முதல் ஷெல்லை எழுதியவர் கென் தாம்ப்சன். 1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. அதை 'எஸ்எச்' என்ற இரண்டே எழுத்தில் கூப்பிட்டார்கள். 1989-ல் குனு என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதியது 'பாஷ்'. லினக்ஸ் பழகியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் ஷெல் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். 1990-ல் பால் ஃபால்ஸ்டாட் எழுதியது 'இசட்-எஸ்எச்'. 2019-ல் கேட்டலினா பதிப்பிலிருந்து மேக்கில் டெர்மினலைத் திறந்தால் முதலில் வந்து நிற்பது இதுதான்.

எல்லாரும் ஒரே குடும்பம். எளிய வாக்கியங்களை எல்லாரும் ஒரே மாதிரிதான் புரிந்துகொள்வார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் சொந்தமாகச் சில பேச்சுவழக்கு உண்டு. பாஷில் ஒரு பட்டியலின் முதல் உறுப்பு எண் 0; இசட்-எஸ்எச்சில் எண் 1. மேக் டெர்மினலில் தட்டிப் பார்த்து "சரியா வருது" என்று அப்படியே பாஷ் ஸ்கிரிப்டில் ஒட்டினால், பட்டியலில் ஓர் இடம் தள்ளித்தான் கிடைக்கும்.

இதைவிட ஆபத்தானது எஸ்எச் என்ற பெயர். இன்றைக்கு அது ஓர் ஆளின் பெயராக இல்லை, இருக்கையில் மாட்டிய பெயர்ப்பலகையாகிவிட்டது. அந்த இருக்கையில் யார் உட்காருவது என்பது ஊருக்கு ஊர் மாறும். மேக்கில் அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பவர் பாஷ். எங்கள் சர்வரில் ஓடும் லினக்ஸ் வகையான உபுண்டுவில் 2006 அக்டோபரில் வந்த 6.10 பதிப்பிலிருந்து அங்கே உட்கார்ந்திருப்பவர் 'டேஷ்'. சிறியவர், வேகமானவர். சிஸ்டம் எழும்பும்போது நூற்றுக்கணக்கான குட்டி ஸ்கிரிப்டுகள் ஓட வேண்டியிருப்பதால் வேகத்துக்காகவே அவரைக் கொண்டுவந்தார்கள். ஆனால் பாஷின் பேச்சுவழக்கு அவருக்குத் தெரியாது.

ஆகவே டெர்மினல் வெறும் சன்னல், படிப்பவர் ஷெல். ஷெல்கள் பல. எஸ்எச் என்பது இடத்துக்கு இடம் வேறு ஆளைக் குறிக்கும் பெயர்.

முதல் வரியும் அதை மீறுவதும்

"இந்தச் சீட்டை இன்னார்தான் படிக்க வேண்டும்" என்று சீட்டிலேயே எழுதி வைக்க ஒரு வழி இருக்கிறது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் #! என்ற இரண்டு குறிகளைப் போட்டு, அதை ஒட்டிப் படிக்க வேண்டிய ஷெல் இருக்கும் இடத்தை எழுதுவது: #!/பின்/பாஷ் என்கிற மாதிரி. இதற்கு ஷெபாங் என்று பெயர். ஃபைலுக்கு ஓடும் அனுமதி கொடுத்து, அதன் பெயரைச் சொல்லி நேராக ஓட்டினால், சிஸ்டம் இந்த வரியைப் பார்த்து உரிய ஆளிடம் ஃபைலை ஒப்படைக்கும்.

நம் தம்பியும் முதல் வரியில் பாஷ் என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான். ஆனால் ஓட்டும்போது 'எஸ்எச் பேக்கப்' என்று, முன்னால் எஸ்எச் சேர்த்து ஓட்டினான். இங்கேதான் நிறைய பேர் கால் தடுக்கி விழுகிறார்கள். அப்படி ஓட்டினால் ஷெபாங்குக்கு மதிப்பே இல்லை. உறையின் மேல் "மேனேஜருக்கு" என்று எழுதிவிட்டு, நாமே நேராகப் பக்கத்து மேசைக்காரர் கையில் பிரித்துக் கொடுத்துவிட்ட மாதிரி. ஷெல்லுக்கு # என்று தொடங்கும் வரி வெறும் குறிப்பு, படிக்காமல் தாண்டிப் போய்விடும்.

மேக்கில் எஸ்எச் என்று கூப்பிட்டாலும் வருபவர் பாஷ்தான், அதனால் தவறு தெரியவில்லை. உபுண்டு சர்வரில் அதே வரிக்கு டேஷ் வந்து நின்றார்.

அடுத்து என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது. ஸ்கிரிப்டில் இன்றைக்கு ஞாயிறா என்று கேட்கும் வரி [[ ]] என்ற இரட்டை அடைப்புக்குறிக்குள் இருந்தது. அது பாஷின் பேச்சுவழக்கு. டேஷுக்கு [[ என்று ஒன்று தெரியாது. அதனால் அதை ஏதோ ஒரு கட்டளையின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரில் ஒரு புரோகிராமைத் தேடியது. கிடைக்கவில்லை. '[[: நாட் ஃபவுண்ட்' என்று ஒரு வரி சொன்னது. சொல்லிவிட்டு நின்றுவிடவில்லை. 'இஃப்' என்று தொடங்கும் கேள்வியில், கேட்ட கட்டளை தோல்வியடைந்தால் பதில் "இல்லை" என்று பொருள். ஆகவே டேஷின் கணக்கில் அன்றைக்கு ஞாயிறு இல்லை. எந்த நாளும் ஞாயிறு இல்லை. 'எல்ஸ்' பக்கம் போய், அன்றைக்கு மாறியதை மட்டும் படியெடுத்து, "முடிந்தது" என்று எழுதிவிட்டு அமைதியாக வெளியேறியது.

சத்தம் போட்டு விழுகிற ஸ்கிரிப்டைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. யாராவது வந்து பார்த்துவிடுவார்கள். இப்படி வேலை செய்தது போலவே காட்டிக்கொண்டு தவறானதைச் செய்கிற ஸ்கிரிப்டுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அந்த மூன்று வாரத்தில் டிஸ்க் போயிருந்தால் திரும்ப எடுக்க முழுப் படி இல்லை.

"வழக்கமா போடுறது"

தினமும் போகிற டீக்கடையில் "அண்ணே, வழக்கமா போடுறது ஒண்ணு" என்றால் போதும். ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி, ஆடை இல்லாமல், கண்ணாடி கிளாஸில் வந்துவிடும். மாஸ்டருக்கு நம்மைத் தெரியும். ஊருக்குப் போகிற வழியில் விழுப்புரத்தில் இறங்கி ஒரு கடையில் அதே வார்த்தையைச் சொன்னால்? சொன்ன சொல் ஒன்றுதான், மாஸ்டரும் நல்லவர்தான். ஆனால் "வழக்கம்" என்ன என்பது அந்தக் கடைக்குத் தெரியாது.

ஷெல்லிடம் நாம் பேசுவதில் பாதி இப்படி "வழக்கமா போடுறது"தான். நாம் சொல்லாமலே ஷெல்லுக்குத் தெரிந்திருக்கும் இந்தத் தகவல்கள் பெயரும் மதிப்புமாக ஒரு பட்டியலில் இருக்கும். அவற்றுக்குச் சூழல் மாறிகள் என்று பெயர். ஒரு புரோகிராம் இன்னொன்றைத் தொடங்கும்போது தன் பட்டியலின் நகலைக் கையில் கொடுத்து அனுப்பும். நம் டெர்மினலில் தொடங்கும் ஸ்கிரிப்டுக்கு நம் பட்டியல் கிடைக்கும். வேறு யாராவது தொடங்கினால் அவர்களுடைய பட்டியல்தான் கிடைக்கும்.

அதில் முக்கியமானது 'பாத்'. ஒரு கட்டளையின் பெயரைச் சொன்னால் அந்த புரோகிராமை எந்தெந்த ஃபோல்டரில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்ற பட்டியல் அது. இடமிருந்து வலமாகத் தேடும். முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். பின்னால் அதே பெயரில் இன்னும் நல்லது இருந்தாலும் திரும்பிப் பார்க்காது.

நாம் புதிதாக ஒரு கருவியை நிறுவும்போது, பெரும்பாலும் அது தன் ஃபோல்டரை நம் தொடக்க ஃபைலில், அதாவது ஷெல் எழும்பும்போது படிக்கும் அமைப்பு ஃபைலில், சேர்த்துவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கிரிப்டை ஓட்டுவது யார்? கிரான். குறித்த நேரத்தில் குறித்த வேலையைத் தொடங்கி வைக்கும் பின்னணிப் புரோகிராம் அது. அது நம் தொடக்க ஃபைலைப் படிப்பதில்லை. உபுண்டுவில் அதன் பாத் பட்டியலில் வழக்கமாக இருப்பது இரண்டே ஃபோல்டர். நாம் சேர்த்த கருவி எதுவும் அங்கே தெரியாது. தொடங்கும் ஃபோல்டரும் வேறு: நாம் நின்றுகொண்டிருந்த ஃபோல்டர் இல்லாமல், நம் ஹோம் ஃபோல்டரிலிருந்து தொடங்கும். அதனால் "இங்கேயே இருக்கும் கான்ஃபிக் ஃபைல்" என்று எழுதினால், அந்த "இங்கே" மாறிப்போயிருக்கும். கிரான் கூப்பிடும் ஷெல்லும், நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், அதே எஸ்எச்தான்.

நம் தம்பியின் ஸ்கிரிப்ட் பிழைச்செய்தி எழுப்பியும் அவன் பார்க்காததற்கு இதுவே காரணம். கிரானுக்குத் திரை கிடையாது. ஸ்கிரிப்ட் சொல்வதையெல்லாம் அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கும் அஞ்சல்பெட்டிக்கு மெயிலாக அனுப்பப் பார்க்கும். மெயில் ஏற்பாடு இல்லாவிட்டால் அதுவும் போய்ச் சேராது.

சுருக்கமாக: ஸ்கிரிப்டுக்குள் எழுதியிருப்பதும் தொடங்குபவரிடமிருந்து வாங்கிக்கொள்வதும் சேர்ந்துதான் ஓடுகின்றன. கிரான் மிகக் குறைவாகவே கொடுத்து அனுப்பும்.

பழைய எண், புதிய எண்

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது தெரியும். கதவில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. "12-ஆம் நம்பர்" என்று மட்டும் சொன்னால் தெருவின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு வீடு நிற்கும். முகவரி தவறில்லை, கேட்பவர் எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் கேள்வி.

கட்டளைக் கருவிகளும் இப்படித்தான். லினக்ஸில் பெரும்பாலும் இருப்பவை குனு குடும்பத்துக் கருவிகள், மேக்கில் இருப்பவை பிஎஸ்டி என்ற இன்னொரு யூனிக்ஸ் வகையின் குடும்பத்தவை. பெயர் ஒன்று, பழக்கம் வேறு. 'செட்' (ஆங்கிலத்தில் எஸ்-இ-டி) என்று ஒரு கருவி, ஃபைலில் ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றைப் போடும். அந்த ஃபைலிலேயே நேராகத் திருத்தச் சொல்லும் '-ஐ' என்ற விருப்பத்தை லினக்ஸில் தனியாகக் கொடுத்தால் போதும். மேக்கில் அதற்கு அடுத்து, பழைய நகலின் பெயரில் சேர்க்க ஒரு பின்னொட்டு கட்டாயம் வேண்டும், வெற்றாகவாவது கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்து வரும் சொல்லையே பின்னொட்டு என்று எடுத்துக்கொண்டு, புரியாத ஒரு பிழையைச் சொல்லும். பாஷிலேயே இந்தச் சிக்கல் உண்டு. உரிம மாற்றத்தால் ஆப்பிள் 3.2 வரிசையிலேயே நின்றுவிட்டது, அது 2006-ல் வெளியானது. 2009-ல் வந்த 4.0-வின் புது வசதிகளை நம்பி எழுதினால் மேக்கின் பாஷ் கைவிரித்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு வரி முடிந்ததும் இடப்பக்க லீவரைத் தள்ளுவோம். ஒரே தள்ளலில் இரண்டு வேலை: காகிதம் ஒரு வரி மேலே ஏறும், காகிதத்தைத் தாங்கிய வண்டி வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். பழைய தந்தி அச்சு இயந்திரங்களில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறி இருந்தது. விண்டோஸ் இன்றும் வரியின் முடிவில் இரண்டு குறியையும் போடுகிறது. லினக்ஸும் மேக்கும் ஒன்றை மட்டும் போடுகின்றன.

விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டை லினக்ஸுக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு வரியின் முனையிலும் "வண்டியைத் திருப்பு" என்ற குறி ஒட்டிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது. முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருப்பது சிஸ்டத்துக்கு 'பாஷ்' என்பதோடு ஒரு மறைந்த எழுத்தும் சேர்ந்த பெயராகத் தெரியும். அப்படி ஓர் ஆள் இல்லை என்று சொல்லிவிடும். 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்ற செய்தியில் ஷெல்லின் பெயருக்குப் பின்னால் ^எம் என்று ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். விஎஸ் கோட் எடிட்டரில் கீழ்ப்பட்டையில் சிஆர்எல்எஃப் (இரண்டு குறியும்) என்று இருப்பதை எல்எஃப் (ஒன்று மட்டும்) என்று மாற்றிச் சேமித்தால் முடிந்தது.

நேரமும் மொழியும்

சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். சென்னை நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். சர்வரில் ராத்திரி 2 மணி என்று குறித்தால் இங்கே காலை 7.30. இங்கே நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றைய தேதிதான். கிழமை பார்த்து வேலை செய்யும் ஸ்கிரிப்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மொழி அமைப்பும் ஒரு சூழல் மாறிதான். தமிழில் வேலை செய்பவர்கள் இதைக் கவனித்தே ஆக வேண்டும். 'சென்னை' என்ற சொல்லின் நீளம் என்ன என்று பாஷிடம் கேளுங்கள். நமக்கு அது மூன்று எழுத்து: செ, ன், னை. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் யூடிஎஃப்-8 அமைப்பில் பாஷ் 6 என்று சொல்லும், ஏனென்றால் கொம்பு, புள்ளி, ஐகாரக் குறி மூன்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. மொழி அமைப்பு எதுவும் இல்லாத இடத்தில், கிரானில் அப்படி அமைவதுண்டு, அதே பாஷ் 18 என்று சொல்லும். அந்த ஆறில் ஒவ்வொன்றும் கணினியில் மூன்று பைட் இடம் பிடிக்கும், அமைப்பு இல்லாதபோது பாஷ் பைட்டைத்தான் எண்ணும். சொல் மாறவில்லை, ஷெல்லும் மாறவில்லை, எண் மட்டும் மும்மடங்கு.

எப்படித் தேடுவது

ஓடும் இடத்தையும் ஓடாத இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்கிரிப்டை வரி வரியாக மாற்றிக்கொண்டே இருப்பதைவிட இது வேகமான வழி. ஸ்கிரிப்டின் தலையில் தற்காலிகமாக நான்கு வரி சேர்த்து, பாஷ் வெர்ஷன் என்ற மாறி, பாத், நிற்கும் ஃபோல்டர், தேதி ஆகியவற்றை ஒரு ஃபைலில் எழுத வையுங்கள். பாஷ் வெர்ஷன் வெற்றாக வந்தால் படிப்பவர் பாஷ் இல்லை. வேறு எதையும் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் 'என்வ்' என்ற கட்டளை சூழல் மாறிகள் முழுவதையும் காட்டும். இரண்டு இடத்திலும் அதை ஃபைலில் எழுதி, 'டிஃப்' கொண்டு ஒப்பிடுங்கள். 'என்வ் -ஐ' என்று முன்னால் போட்டு ஸ்கிரிப்டை ஓட்டினால் நம் பட்டியலைத் தராமல் வெறுங்கையோடு அனுப்பும். ராத்திரி இரண்டு மணி வரை காத்திருக்காமல் பகலிலேயே கிரானுக்குப் பக்கத்தில் போய்விடலாம். 'பாஷ் -எக்ஸ்' என்று ஓட்டினால் ஒவ்வொரு கட்டளையையும் நடத்தும் முன் எழுதிக் காட்டும். ஷெல்செக் என்ற இலவசக் கருவி ஷெபாங்கைப் பார்த்து, அந்த ஷெல்லுக்குத் தெரியாத சொல் எங்கே இருக்கிறது என்று ஓட்டும் முன்பே சொல்லிவிடும்.

தம்பியும் நானும் அந்தத் திங்கட்கிழமை அந்த நான்கு வரிகளைச் சேர்த்தோம். அவன் அதை கிரானில் ஐந்து நிமிடம் தள்ளி ஓட விட்டான். ஃபைலைத் திறந்தால் பாஷ் வெர்ஷன் இருக்க வேண்டிய இடம் காலி.

"அப்போ யாரு அக்கா படிச்சது?"

"நீ கூப்பிட்டவர்தான்பா. கிரான்ல என்ன எழுதியிருக்க, பாரு."

பார்த்தான். எஸ்எச் என்ற சொல்லை அழித்தான். ஃபைலுக்கு ஓடும் அனுமதி கொடுத்து, அதன் முழு முகவரியை எழுதினான். ஸ்கிரிப்டின் இரண்டாம் வரியில் பாத் பட்டியலைத் தானே குறித்தான். கிழமை கேட்கும் வரியில் சென்னை நேரத்தைச் சேர்த்தான். சொல்கிற எல்லாவற்றையும், பிழைச்செய்தி உட்பட, ஒரு லாக் ஃபைலில் போய் விழ வைத்தான். ஞாயிறு வரை காத்திருக்காமல் அன்றே ஒரு முழுப் படியைக் கையால் ஓட்டி எடுத்தோம். அடுத்த திங்கள் காலை அவன் வந்து லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். லாக்கில் ஞாயிறு தேதி, அதன் கீழே 'ஃபுல்' என்று ஒரு வரி, அதன் கீழே பாஷ் வெர்ஷன்.